போய் வந்த பிறகு

(திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தவர்கள் 'வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா அனுபவங்கள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. விமான நிலையத்தில் பார்வையாளர்கள் நிற்கும் கம்பித் தடுப்பு வரைக்கும்தான் என் பயணம். ஆகவே போனவர்களைப் பற்றி, அதுவும் அவர்கள் திரும்பி வந்த பிறகு நடந்ததைப் பற்றித்தான் என்னால் பேச முடியும். பார்த்ததைக் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறுவீர்கள்.

2022 நவம்பரில் நம் துறை, வினாடி வினாப் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைத்துச் சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அவர்களும் உடன் சென்றார். நம் திருச்சி விமான நிலையத்திலிருந்துதான் கிளம்பினார்கள். அப்போது புதிய முனையம் திறக்கப்படவில்லை; பழைய கட்டடம்தான். அந்தக் குழுவில் எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இங்கே நான் அவளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, "பேர் மட்டும் சொல்லாதீங்க சார்" என்றாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய ஆண்டு வரை என் சமூக அறிவியல் வகுப்பில் இரண்டாவது பெஞ்சு.

எங்கள் பள்ளி காவிரிக்கு வடக்கே, கொள்ளிடத்துக்குத் தெற்கே. அதாவது தீவுக்குள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாலத்தைத் தாண்டாமல் எங்கள் பிள்ளைகளால் வெளியே போக முடியாது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருத்தி கடல் தாண்டிப் போகிறாள் என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் உலக வரைபடத்தைத் தொங்கவிட்டுத் திருச்சிக்கும் ஷார்ஜாவுக்கும் நூல் கட்டினோம். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொன்னார்கள். ஷார்ஜா பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி அந்த ஆண்டு நவம்பர் 2 முதல் 13 வரை நடந்தது, அது 41-ஆவது ஆண்டு. 1982-இல் தொடங்கிய கண்காட்சி. 2019-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ ஷார்ஜாவை அறிவித்தது. இதையெல்லாம் ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டினோம். போவதற்கு முன் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று.

வந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. தவறு, யோசித்தோம். மாலை வாங்குவது, பூங்கொத்து வாங்குவது, வேன் பிடிப்பது, பாராட்டு விழா நடத்துவது. இவ்வளவும் யோசித்தோம்.

விமான நிலையத்தில் அவள் வெளியே வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் மாலையோடு முன்னால் நின்றோம். தலைமையாசிரியர் மாலை போட்டார். நான் போன் எடுத்துப் படம் பிடித்தேன். அவளுடைய அப்பா பின்னால், கார் நிறுத்தும் இடத்துக்கு அருகே, தூணை ஒட்டி நின்றிருந்தார். நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லா இருந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் பேச்சு.

அப்போது காவிரிப் பாலம் பழுதுபார்ப்பில் இருந்தது. பேருந்து, கார் எதுவும் அதில் போகவில்லை. சென்னைப் புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சுற்றலில் வேனில் இருந்த எல்லோரும் அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தோம். விமானத்தில் என்ன சாப்பாடு? புர்ஜ் கலீஃபா பார்த்தாயா? எவ்வளவு உயரம்? அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னாள். "828 மீட்டர் சார். நம்ம ராஜகோபுரம் மாதிரி பதினொன்றரை." கணக்கு சரிதான். ராஜகோபுரம் 236 அடி, ஏறக்குறைய 72 மீட்டர். எல்லோரும் கை தட்டினோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயணக் களைப்பு என்று நினைத்தேன். அவள் அப்பா முன் இருக்கையில் ஓட்டுநர் பக்கத்தில், சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் பாராட்டு விழா. அவள் பேச வேண்டிய உரையை நான்தான் எழுதினேன். நான்கு நிமிட உரை. வானைத் தொடும் கட்டடங்கள், மணல்வெளியில் பூத்த நகரம், கனவு நனவான தருணம், துறைக்கு நன்றி. நன்றாகத்தான் எழுதியிருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவள் பிழையில்லாமல் ஒப்பித்தாள். கைத்தட்டல் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசையிலிருந்தே கையைத் தூக்கி, "அக்கா, அங்க வேலை செய்யறவங்கள பாத்தீங்களா?" என்று கேட்டான். முதல் மணி அடிக்கிற நேரம். "அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்" என்று நான்தான் ஒலிவாங்கியை வாங்கி, கலைந்து செல்லச் சொன்னேன்.

அந்தப் பையன் கேட்ட கேள்வி ஒன்றுதான் அந்தக் காலையில் உருப்படியானது என்று எனக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று.

நண்பர்களே, இங்கே சற்று விலகி ஒன்று சொல்கிறேன். திரும்பி வருபவர்களின் மனநிலையை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்பவர், உதவித்தொகை பெற்று அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்த் திரும்பிய நார்வேக்காரர்களை ஆராய்ந்து 1955-இல் ஒரு கட்டுரை எழுதினார். போன புதிதில் உற்சாகம், நடுவில் சோர்வு, பிறகு மெல்ல ஏற்றம். வரைந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'யு' போல இருக்கும். 1963-இல் கல்லாஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதியர், கதை அங்கே முடியவில்லை, ஊர் திரும்பிய பிறகு இன்னொரு முறை அதே சறுக்கலும் ஏற்றமும் உண்டு என்று சொன்னார்கள். இரண்டு 'யு' சேர்ந்து 'டபிள்யூ'. அவர்கள் ஆராய்ந்தது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கியவர்களை. நம் பிள்ளைகள் போவது சில நாள்கள். அதனால் அந்தக் கோட்டை அப்படியே இங்கே பொருத்துவது சரியல்ல. ஆனாலும் போகும்போது கவனமாக இருந்துவிட்டு வந்ததும் கையைக் கழுவிவிடுகிற நம் வழக்கத்துக்கு அது ஒரு எச்சரிக்கைதான்.

மூன்று வாரம் கழித்து அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பயண நாட்குறிப்பு எழுதச் சொல்லி நான்தான் கொடுத்தனுப்பியிருந்தேன். பிறகு கேட்க மறந்துவிட்டேன். முதல் இரண்டு பக்கம் நாம் எதிர்பார்க்கிற மாதிரியே இருந்தது. விமானத்தின் இருக்கை எண், கண்காட்சி அரங்கின் பரப்பைப் பார்த்த வியப்பு, இந்தியப் பதிப்பாளர்கள் கடை போட்டிருந்த பகுதியில் காதில் விழுந்த மலையாளம். மூன்றாம் பக்கத்திலிருந்து வேறு மாதிரி. பேருந்தில் போகும்போது பக்கத்தில் வந்த வேறு பேருந்துகளைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள். மாலை வேளை. உள்ளே ஒரே நிறச் சீருடையில் ஆட்கள். பாதிப் பேர் தலையை ஜன்னலில் சாய்த்துத் தூங்குகிறார்கள். ஒருவர் கையில் டிபன் கேரியர். இப்படி ஒவ்வொரு பேருந்தாக, ஒவ்வொரு சிக்னலாக. எதற்கு இத்தனை பேருந்துகளை எழுதினாய் என்று கேட்டேன்.

அவள் அப்பா பதினோரு ஆண்டுகள் அங்கே சென்ட்ரிங் வேலை பார்த்தவர். அது எனக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகள் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பெற்றோர் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று இருந்ததை ஒவ்வோர் ஆண்டும் பதிவேட்டில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். 2020-இல் கொரோனா வந்து வேலை போய், 'வந்தே பாரத்' விமானங்கள் திருச்சிக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியபோது அதில் ஒன்றில் வந்து இறங்கியவர். அந்த விமான நிலையத்துக்கு அதன்பிறகு அவர் வந்தது மகளைக் கூட்டிப் போகத்தான். தூணை ஒட்டி ஏன் நின்றார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவராக எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பெண் சொன்னது இது. "அப்பா இப்ப நம்ம ஊர்லதான் இருக்காரு சார். எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பஸ்லயும் அப்பா இருக்காரான்னு பாத்துக்கிட்டே வந்தேன்."

திரும்பி வந்த அன்று இரவு வீட்டில் அவள் கேட்டிருக்கிறாள்: "அங்க நீங்க எங்கப்பா தங்கி இருந்தீங்க?" பதினோரு ஆண்டில் யாரும் அந்த வீட்டில் கேட்காத கேள்வி. பணம் வந்ததா, எப்போது லீவு, என்ன வாங்கி வருவீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவர் அன்று இரவு சொன்னாராம். ஓர் அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், மேல் தட்டு அவருடையது. விடிவதற்கு முன் எழுந்து கழிப்பறை வரிசை. மதியத்துக்குக் குப்பூஸ் ரொட்டி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை செய்யக்கூடாது என்று அங்கே சட்டம் உண்டு. அந்த இரண்டரை மணி நேரம் பலகை அடுக்கிய நிழலில் படுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் பேசுவார்களாம். "மதியானம் அப்பா போன் பண்ணா வெயில் காலம்னு எங்களுக்குத் தெரியாது சார்" என்றாள்.

இதுதான் அந்தச் சுற்றுலாவில் அவள் கற்றுக்கொண்டது. துறை திட்டமிட்ட நிகழ்ச்சி நிரலில் இது இல்லை. எந்தத் திட்டத்திலும் இருக்க முடியாது. அவளை அங்கே அனுப்பியிராவிட்டால் இது நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். புத்தகக் கண்காட்சியும் உயரமான கட்டடமும் வீண் என்று நான் சொல்லவில்லை. அவற்றைப் பார்க்கப் போன வழியில்தான் அவள் இதைப் பார்த்தாள்.

நான் அடுத்துச் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நோட்டைப் படித்துக் கண்கலங்கி, மறுநாளே அவள் அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்தேன். "அய்யா, நீங்க நம்ம பிள்ளைங்க முன்னாடி வந்து பேசணும். அங்க வாழ்க்கை எப்படின்னு சொல்லணும்" என்றேன். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது என் பிள்ளைக்குச் சொன்னது சார்."

மறுபடியும் நான் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆசிரியர்களுக்கு இது ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் அதை மேடையேற்ற வேண்டும், அறிக்கையாக்க வேண்டும், படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும்.

மேடை இல்லாமல் என்ன செய்யலாம் என்று யோசித்தபோது அந்த ஏழாம் வகுப்புப் பையன் நினைவுக்கு வந்தான். அவளிடம் கேட்டேன். மேடை வேண்டாம், உரை வேண்டாம், மதிய உணவுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்வாயா, விருப்பமில்லாததற்குச் சொல்ல வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டாள். நான் கூட்டத்துக்கு வெளியே, கேட்கிற தூரத்தில் ஒரு நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்துவது போல உட்கார்ந்துகொண்டேன். உண்மையில் ஒரு தாள்கூடத் திருத்தவில்லை.

பிள்ளைகள் கேட்டவற்றில் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன். அங்கே நாய் உண்டா? குளிக்கும் தண்ணீர் உப்பா? உன்னை யாராவது தமிழில் கூப்பிட்டார்களா? கழிப்பறை எப்படி? பயமாக இருந்ததா? எங்க மாமா சத்வாவில் இருக்கார், சத்வா பக்கத்திலா போனீங்க? எங்க அப்பா குவைத், அதுவும் இதுவும் ஒண்ணா? அப்புறம் அந்தப் பையன், தன் கேள்வியை மறக்காமல் வைத்திருந்து மறுபடி கேட்டான். அவள் பேருந்துகளைப் பற்றிச் சொன்னாள். அவனுடைய அண்ணன் ஓமனில் இருக்கிறானாம். வெளிநாட்டில் ஆள் இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பேச்சு போகப் போக ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டேன். நூல் கட்டி வரைபடம் காட்டிய அதே வகுப்பு இது. அந்த வரைபடத்தில் நான் கட்டியது ஒரே ஒரு நூல்.

அறிவியல் ஆசிரியர்கள் இருக்கிற சபையில் சமூக அறிவியல்காரன் இதைச் சொல்லலாமோ என்னவோ, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் தீவில், திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தவர் சர் சி.வி. ராமன். அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம் 1921-இல். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் போனார். மாநாட்டில் என்ன பேசினார் என்று நம்மில் யாருக்கும் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்த கதை. 'நார்குண்டா' என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு வருகிறார். கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் காரணம் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. நிறம் தண்ணீரிலேயே ஒளி சிதறுவதால் வருகிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்ததும், செப்டம்பர் 26 என்று தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் அனுப்பினார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவாகவும் 1930-இல் நோபல் பரிசாகவும் வந்து சேர்ந்தது. பிப்ரவரி 28-ஐ ஆண்டுதோறும் அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளுக்கு முன்னால் ஊர் திரும்பும் கப்பல் ஒன்று இருக்கிறது என்பதை நான் இந்தப் பெண்ணுக்குப் பிறகுதான் கவனித்தேன்.

தமிழில் பயண நூல்கள் எழுதிய சோமலெயும் இப்படித்தான். வெளிநாடுகளைச் சுற்றி எழுதியவர், பிறகு நம் மாவட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு எழுதினார். வெளியே பார்த்துப் பழகிய கண் உள்ளூரைப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் நூலகத்தில் தேடிப் படிக்கலாம்.

அதைப் பார்த்து எனக்கு வந்த யோசனை இது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பையும் அவளையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனோம். எங்கள் பிள்ளைகளுக்கு அது சுற்றுலா இடம் கிடையாது. சிலருக்கு டியூஷனுக்குப் போகும் வழி. செலவு: ஒரு ஆளுக்கு ஒரு பேனா. ஒரே நிபந்தனை, விமானத்தில் இறங்கி முதல்முறையாக வந்தவர் போலப் பார்த்து எழுத வேண்டும். ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர், 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும், அதை எழுதக்கூடாது என்றேன்.

பிள்ளைகள் எழுதினவற்றில் பாதி கடைகளைப் பற்றி. அதிலும் தவறில்லை. கோயிலின் வெளிச்சுற்றுகளான உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதியில் மதிலுக்குள்ளேயே வீடும் கடையும் பள்ளிக்கூடமும் இருப்பதை வெளியூர்க்காரர்தான் முதலில் கவனிப்பார். ஒரு பையன் வெள்ளைக்காரப் பயணிகளையே உட்கார்ந்து பார்த்து, அவர்கள் எதைப் படம் பிடிக்கிறார்கள் என்று பட்டியல் போட்டிருந்தான்: சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள், ஒரு மாடு, பித்தளைப் பாத்திரக் கடை, தூங்கும் ஒரு தாத்தா, மறுபடியும் மாடு.

ராஜகோபுரத்தடியில் நின்றபோது நான் என் கதையைச் சொன்னேன். நான் சிறுவனாக இருந்தபோது இந்தக் கோபுரம் இப்படி இல்லை. அடிப்பகுதி மட்டும், பல நூற்றாண்டுகளாக முடிக்கப்படாமல், மொட்டையாக நின்றது. அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் முன்னின்று 13 நிலைகளையும் எழுப்பி 1987-இல் குடமுழுக்கு நடந்தது. சாரம் கட்டியிருந்ததை நான் கண்ணால் பார்த்தவன் என்று கொஞ்சம் தோரணையாகவே சொன்னேன்.

அந்தப் பெண் மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சார், இதைக் கட்டினவங்க எங்க தங்கி இருந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் வேலை நடந்த இடத்தின் வழியாகப் பள்ளிக்கூடம் போய் வந்தவன் நான். மன்னர் பெயர் தெரியும், ஜீயர் பட்டம் தெரியும், அடிக்கணக்கு தெரியும். இது தெரியவில்லை. சரி, கேட்போம் என்று பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து வீதியில் விட்டேன். பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "எங்க தங்கினாங்கன்னு எனக்கென்னடி தெரியும்? அவங்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தது எங்க வீட்டுக்காரரு. சாரத்து மேல கயித்துல வாளி கட்டி இழுப்பாங்க, பாதி டீ கீழ சிந்தும். அதுக்கும் காசு கேப்பாரு, சண்டை வரும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வாளியைப் படம் வரைந்து ஒரு பெண் கொண்டுவந்தாள். எங்கள் பள்ளிச் சுவரில் இன்னும் இருக்கிறது.

இப்போது துறை அடுத்தடுத்துப் பல குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. 2024 அக்டோபரில் ஆசிரியர்களே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிரான்சுக்குப் போய்வந்தார்கள். உங்கள் பள்ளியிலிருந்தும் நாளை ஒரு பிள்ளை போகும். அதற்காகச் சில நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன். நான் கெடுத்துக் கற்றுக்கொண்டவை.

திரும்பி வந்த முதல் வாரத்தில் மேடை ஏற்றாதீர்கள். பாராட்டு விழா அவசியம் என்றால் மாலை போடுங்கள், இனிப்புக் கொடுங்கள், பேசச் சொல்லாதீர்கள். உரை எழுதிக் கொடுக்கவே வேண்டாம். நாட்குறிப்பு எழுதச் சொன்னால் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் படிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அந்தப் பிள்ளை அதைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். படித்ததை யாரிடமும் சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.

போகாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே வினாடி வினாவில் அவளுக்கு அடுத்ததாக வந்து, சொற்ப மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்த மாணவி ஒருத்தி எங்கள் பள்ளியில் இருந்தாள். விழா நடந்த அன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம். நானும் காய்ச்சல் என்றே வருகைப் பதிவேட்டை மூடினேன். வேப்பமரத்தடிக் கூட்டத்தில்தான் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நாய் உண்டா என்று கேட்டது அவள்தான். அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள். அவளிடம் நான் தனியாகப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இன்று வரை அது எனக்கு ஒரு பாக்கி.

அந்த அப்பாவை அதன்பிறகு ஒருமுறை பள்ளியில் பார்த்தேன். மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அலுவலக வாசலில் உள்ள பலகையில் அவள் கொண்டுவந்த படங்களில் ஒன்றை ஒட்டி வைத்திருந்தோம். பேருந்து ஜன்னல் வழியாக எடுத்த புர்ஜ் கலீஃபா, கொஞ்சம் சாய்ந்து, கண்ணாடியில் பட்ட வெளிச்சத்தோடு. கையெழுத்துப் போட்டு முடித்தவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அவராகவே படத்தின் வலது ஓரத்தில், சட்டத்துக்கு வெளியே, சுவரில் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல வரும் சார், நாங்க போட்டது. படத்துல விழல."